பற்றை விடுவதா, பொறுப்பை விடுவதா?



வெசாக் விடுமுறைக்கு முந்தின இரவு எங்கள் இளைஞர் வகுப்பில் ஒரு கொரியப் படம் போட்டோம். திருமுறை ஓதி முடித்து, விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் படத்தை ஓட விட்டேன். பத்து நிமிடம் போயிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கையைத் தூக்கினான். "அண்ணா, சவுண்ட் வேலை செய்யலையா?"

சவுண்ட் நன்றாகத்தான் வேலை செய்தது. துடுப்பு தண்ணீரில் படும் சத்தம், ஒரு பறவை, கோயில் மணி, எல்லாம் கேட்டது. பேச்சுதான் இல்லை. அடிதடியும் பாட்டும் பஞ்ச் வசனமும் இல்லாமல் ஒரு படம் ஓடினால் நமக்கு மெஷின் கெட்டுப்போச்சு என்றுதான் முதலில் தோன்றுகிறது. தம்பியைக் குறை சொல்லவில்லை. நானும் முதல் தடவை பார்த்தபோது ரெண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன்.

"நம்ம சமயத்தைப் படிக்கவே நேரம் பத்தலே, பௌத்தப் படம் எதுக்கு?" என்று செயலவையில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது: பௌத்தம் நமக்கு அண்டை வீடு. பிரிக்பீல்ட்ஸில் 1894இல் தொடங்கிய மகா விகாரை, நம்மவர்கள் பூ வாங்கும், வாழை இலைச் சாப்பாடு சாப்பிடும் வட்டாரத்திலேயே இருக்கிறது. பழைய காலத்துக்குப் போனால், நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான மணிமேகலை முழுக்க முழுக்கப் பௌத்தக் காப்பியம். ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. அதைக் கட்டியது ஸ்ரீவிஜய அரசர்கள். கடாரமும், அதாவது இன்றைய நம் கெடாவும், அவர்கள் ஆட்சிக்குள்தான் இருந்தது. சைவனான ராஜராஜன் அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதி வைத்தான். ஆகவே புத்தரைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதுப் பழக்கம் இல்லை.

சரி, படத்துக்கு வருவோம். 'வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்... மீண்டும் வசந்தம்' என்பது பெயர். கிம் கி-டுக் இயக்கி 2003இல் வந்தது. தென் கொரியாவில் ஜூசான்ஜி என்று ஓர் ஏரி. பாசனத்துக்காக சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அமைத்தது. அதன் நடுவில் படகு மாதிரி மிதக்கும் ஒரு சின்னக் கோயிலைப் படத்துக்காகவே கட்டினார்கள். அங்கே ஒரு வயதான துறவி, அவரிடம் வளரும் ஒரு சிறுவன். ரெண்டு பேருக்கும் படத்தில் பெயரே கிடையாது. அந்தத் துறவியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 'ஸ்குவிட் கேம்' தொடரில் 001 எண் போட்ட தாத்தாவாக வந்த ஓ யோங்-சுதான் அவர். இதைச் சொன்ன பிறகுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

முதல் பகுதி வசந்தம். சிறுவன் ஓடையில் ஒரு மீனைப் பிடித்து, அதன் உடம்பில் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டி விடுகிறான். மீன் நீந்த முடியாமல் தத்தளிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறான். பிறகு ஒரு தவளைக்கும் ஒரு பாம்புக்கும் அதே விளையாட்டு. மறைவில் நின்று குரு எல்லாவற்றையும் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சிறுவன் தூங்கும்போது அவன் முதுகில் ஒரு பெரிய கல்லைக் கட்டிவிடுகிறார். காலையில் அவன் அழுதுகொண்டே எழுகிறான். முதலில் போய் அந்த மூன்றையும் அவிழ்த்துவிட்டு வா, பிறகு உன்னுடையதை அவிழ்க்கிறேன் என்கிறார். அவற்றில் ஒன்று செத்திருந்தாலும் அந்தக் கல்லை வாழ்நாள் முழுவதும் நீ நெஞ்சில் சுமப்பாய் என்றும் சொல்லி அனுப்புகிறார். தவளை மட்டும் உயிரோடு இருக்கிறது. மீனும் பாம்பும் இறந்துவிட்டன. சிறுவன் கதறி அழுகிறான்.

இங்கே படத்தை நிறுத்தினேன். உடனே ஒரு தங்கச்சி கேட்டாள்: "குருவுக்கு முன்னாடியே தெரியும்தானே? அப்பவே தடுத்திருந்தா மீன் பிழைச்சிருக்கும்லா?"

அரை மணி நேரம் இதிலேயே போய்விட்டது. தடுத்திருக்க வேண்டும் என்று பாதி வகுப்பு. தடுத்திருந்தால் அவன் வேறொரு நாள் குரு இல்லாத இடத்தில் செய்திருப்பான் என்று மீதி வகுப்பு. நான் தங்கச்சி பக்கம்தான். ஒரு பிள்ளை பாடம் படிக்க மீன் ஏன் சாக வேண்டும்? ஆனால் அந்தக் காட்சி 'கர்மா' என்ற சொல்லை நாம் பேசும் விதத்திலிருந்து தூரத் தள்ளி வைக்கிறது, அது எனக்குப் பிடித்திருந்தது. நாம் எப்படிப் பேசுகிறோம்? ஒருத்தன் பைக்கில் விழுந்தால் "கர்மா அடிச்சிருச்சு" என்கிறோம். மேலே யாரோ கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்து பழி வாங்குவது போல. படத்தில் அப்படி யாரும் இல்லை. இடி விழவில்லை, சாபம் வரவில்லை. செய்தவன் மனசுக்குள் செய்த செயல் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். பௌத்தத்தில் வினை என்பதே முதலில் எண்ணம். அந்தச் சிறுவனுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை, விளையாட்டுதான். ஆனாலும் மீன் செத்தது. அந்த இடைவெளிக்குப் பெயர்தான் அறியாமை, வடமொழியில் அவித்யை. நம் சைவ சித்தாந்தத்தில் ஆணவம் அறிவை மறைப்பதைப் படித்திருக்கிறோம். கருத்து அதேதான் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ரெண்டும் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் இருக்கின்றன.

கோடைப் பகுதியில் சிறுவன் வாலிபனாகிவிட்டான். உடம்பு சரியில்லாத ஒரு பெண்ணை அவள் அம்மா கோயிலுக்குக் கொண்டுவந்து விடுகிறார். காதல் வருகிறது. (பெரியவர்களுக்கான காட்சிகள் இருப்பதால் வகுப்பில் இந்தப் பகுதியை ஓட்டிவிட்டேன். வீட்டில் பார்ப்பதாக இருந்தால் 18 வயது ஆகட்டும்.) இதில் கவனிக்க வேண்டியது ஒரு கதவு. கோயிலுக்குள் படுக்கிற இடத்துக்கு ஒரு கதவு உண்டு, சுவர் கிடையாது. பக்கவாட்டில் நடந்தே போகலாம். ஆனாலும் குருவும் சீடனும் கதவைத் திறந்துதான் போவார்கள், வருவார்கள். அந்தப் பெண்ணிடம் போக நினைக்கும் இரவில் மட்டும் அவன் கதவை விட்டுவிட்டு, இல்லாத சுவர் வழியாக ஊர்ந்து போகிறான். சுவர் இருக்கிற இடத்தில் ஒழுங்காக இருப்பது பெரிய விஷயம் இல்லை என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

குருவுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசை, சொந்தம் கொண்டாடச் சொல்லும், சொந்தம் கொண்டாடுவது கொலை வரைக்கும் போகும் என்று எச்சரிக்கிறார். பெண் ஊருக்குப் போகிறாள். வாலிபன் புத்தர் சிலையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாகப் பின்னாலேயே ஓடுகிறான். இலையுதிர் காலத்தில் திரும்பி வருகிறான், முப்பது வயதில், கையில் ரத்தக் கத்தியோடு. மனைவி வேறொருவனை விரும்பினாள் என்று அவளைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான்.

அடுத்து வருவதுதான் இந்தப் படத்திலேயே எனக்குப் பெரிய காட்சி. குரு பூனையின் வாலை மையில் தோய்த்து, கோயிலின் மரத் தளம் முழுக்க இருதய சூத்திரத்தை எழுதுகிறார். மகாயான பௌத்தத்தின் மிகச் சுருக்கமான நூல்களில் அது ஒன்று. சீன மொழியில் சுமார் 260 எழுத்துகள்தான். கொலை செய்த அதே கத்தியைக் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கு, செதுக்கும்போது கோபத்தை வெளியே எடு என்கிறார். ரெண்டு துப்பறியும் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள். முடிக்கட்டும், காத்திருங்கள் என்கிறார் குரு. அவர்களும் காத்திருக்கிறார்கள். இரவெல்லாம் செதுக்கி அவன் அப்படியே சாய்ந்து தூங்கும்போது, அந்த எழுத்துகளுக்கு வண்ணம் பூச போலீஸ்காரர்களும் உதவுகிறார்கள். காலையில் அவனைக் கைது செய்து அழைத்துப் போகிறார்கள். மன்னிப்பு கிடைத்ததா? இல்லை, ஜெயிலுக்குத்தான் போகிறான். ஆனால் வந்தபோது இருந்த மனிதனாக அவன் போகவில்லை. மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவது நினைவுக்கு வந்தது. அங்கே பசிக்குச் சோறு, இங்கே கோபத்துக்கு வேலை.

அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். மையம் சூனியம். சூனியம் என்றால் நம் வீட்டில் பாட்டி பயப்படும் சூனியம் இல்லை. 'ஒன்றுமே இல்லை' என்பதும் இல்லை. எந்தப் பொருளும் தனியாக, தானாக, மாறாமல் நிற்பதில்லை என்பதுதான். 'நான்' என்று நாம் நினைப்பதும் அப்படித்தான், உடல், உணர்ச்சி, எண்ணம் எல்லாம் சேர்ந்து ஓடும் ஓட்டம், உள்ளே நிலையான ஆன்மா கிடையாது என்கிறது பௌத்தம்.

இங்கேதான் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். நம்மவர் பலர் "புத்தர் விஷ்ணுவோட அவதாரம், அதனால எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சில புராணங்கள் அப்படிச் சொல்வது உண்மை. பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை என்பதும் உண்மை. கீதையில் கண்ணன் ஆன்மா அழியாதது என்கிறார். புத்தர் ஆன்மா என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்கிறார். இது சின்ன வேறுபாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சமையலை ரசிக்க, அதுவும் நம் அம்மா சமையல்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் அவன் விடுதலையாகி வருகிறான். (இந்தப் பகுதியில் நடித்திருப்பவர் இயக்குநர் கிம் கி-டுக்கேதான்.) குரு இறந்துவிட்டார். ஏரி உறைந்து கிடக்கிறது. முகத்தை மூடிய ஒரு பெண் ஒரு குழந்தையோடு வந்து, குழந்தையை விட்டுவிட்டுப் போகும் வழியில் பனித்துளைக்குள் விழுந்து இறந்துபோகிறாள். அவன் ஒரு எந்திரக்கல்லைக் கயிற்றால் உடம்பில் கட்டி இழுத்துக்கொண்டு, கையில் ஒரு சிலையை ஏந்தி, மலை உச்சிக்கு ஏறுகிறான். சறுக்குகிறான், விழுகிறான், மறுபடி ஏறுகிறான். சிறுவயதில் குரு கட்டிய கல்லை இப்போது தானே கட்டிக்கொள்கிறான். பிறகு கீழே வந்து அந்தக் குழந்தையை வளர்க்கிறான். மீண்டும் வசந்தம்.

கவனியுங்கள், எல்லாவற்றையும் விட்டவனின் கதை, கையில் ஒரு பிள்ளையோடு முடிகிறது. பால் கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், அழுதால் தூக்க வேண்டும்.

இதை நான் சொன்னதும் வகுப்பிலேயே மூத்த தம்பி ஒருவன், பல்கலைக்கழகம் முடிக்கப்போகிறவன், எழுந்து கேட்டான். "அப்ப துறவுன்னா என்னண்ணா? பட்டினத்தார் விட்டுட்டுப் போகலையா? புத்தரே பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுத்தானே போனாரு?" இதற்குப் பதிலாகத்தான் அடுத்த வாரம் 'சம்சாரா'வைப் பற்றிப் பேசினோம்.

'சம்சாரா' 2001இல் வந்தது. இயக்குநர் பான் நலின், குஜராத்காரர். லடாக்கில், அந்த வறண்ட மலைகளுக்கு நடுவில் எடுத்தது. தாஷி என்ற இளம் துறவி மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஒரு குகையில் தனித்தவம் இருந்துவிட்டு வருகிறான். வந்த பிறகுதான் உடம்பு அவனைத் தொந்தரவு செய்கிறது. அவன் தன் குருவிடம் கேட்பது நியாயமான கேள்வி. புத்தர் 29 வயது வரை உலக வாழ்க்கை வாழ்ந்தார், நான் ஐந்து வயதிலேயே மடத்துக்கு வந்துவிட்டேன், எனக்குத் தெரியாத ஒன்றை நான் எப்படித் துறப்பது? மடத்தை விட்டுப் போகிறான். பேமா என்ற பெண்ணை மணக்கிறான். வயல், அறுவடை, எடையில் ஏமாற்றும் வியாபாரியோடு சண்டை, ஒரு மகன். தடுமாற்றமும் வருகிறது, வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் தவறுகிறான். கடைசியில் ஓர் இரவு, மனைவியும் மகனும் தூங்கும்போது, சத்தமில்லாமல் எழுந்து மடத்துக்கே திரும்பிப் புறப்படுகிறான். சித்தார்த்தர் புறப்பட்டது மாதிரியே.

வழியில் பேமா குதிரையில் வந்து நிற்கிறாள். அழுது மன்றாடவில்லை. யசோதரையைப் பற்றிக் கேட்கிறாள். சித்தார்த்தர் பெயர் எல்லாருக்கும் தெரியும், யசோதரையை யார் நினைக்கிறார்கள்? அவள் கோபம், தனிமை, கசப்பு என்ன ஆயிற்று? அப்பா எங்கே என்று ராகுலன் கேட்டபோது அவள் என்ன சொல்லியிருப்பாள்? ஒரு தாயால் நள்ளிரவில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியுமா? கேட்டுவிட்டு அவள் போய்விடுகிறாள். தாஷி மண்ணில் விழுந்து அழுகிறான்.

இந்தக் காட்சியை நான் முதலில் தனியாகப் பார்த்தேன். முடிந்த பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு வெகுநேரம் எழவில்லை. காரணத்தை வகுப்பில் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்கு 26 வயது இருக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா ஏற்கெனவே இல்லை. வீட்டில் நானும், ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்த தங்கையும்தான். நாலு மாதம் பார்த்தேன். அப்போது நான் வேதாந்தப் புத்தகங்கள் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். உறவு மாயை, உடல் மாயை, எல்லாம் வாய்க்கு எளிதாக வந்தது. ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு, மேசையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். ரிஷிகேசத்தில் மூன்று மாதம் இருந்தேன். தியானம் செய்தேன், கங்கையில் குளித்தேன், நிம்மதியாகத்தான் இருந்தேன். பணம் தீர்ந்ததும் திரும்பி வந்தேன்.

தங்கை கத்தவில்லை. சாப்பாடு போட்டாள். ரெண்டு வாரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே ஒரு தடவை மட்டும் கேட்டாள். "அண்ணா, நீ அங்க கண்ணை மூடி உட்கார்ந்திருந்தப்ப, இங்க அப்பாவைக் குளிப்பாட்ட ரெண்டு பேர் வேணும். அது உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். தெரிந்துதான் போனேன். அப்பா அதற்குப் பிறகு ரெண்டு வருடம் இருந்தார், நான்தான் குளிப்பாட்டினேன். ஆனால் அந்த மூன்று மாதம் என் கணக்கில் இல்லை, தங்கை கணக்கில்தான் இருக்கிறது. அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை.

இதற்குப் பிறகுதான் நூல்களைத் திரும்பப் படித்தேன். குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் பேசுவதும் துறவுதான். ராஜ்யம் வேண்டாம், பிச்சை எடுத்துப் பிழைத்தாலும் பரவாயில்லை என்கிறான். கேட்க வைராக்கியம் மாதிரியே இருக்கும். கண்ணன் ஏமாறவில்லை. உள்ளே இருப்பது கலக்கம், அதற்கு நீ துறவு என்று பேர் வைக்கிறாய் என்பதுதான் அவர் பதிலின் சாரம். பௌத்த நூல்களிலும் ஒன்று கிடைத்தது. புத்தர் ஞானம் பெற்றுக் கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்தபோது ராகுலனுக்குத் துறவு கொடுக்கப்பட்டது. பேரனையும் இழந்த சுத்தோதனர், மகன் போன வலியும் பேரன் போன வலியும் எப்படிப்பட்டது என்று புத்தரிடமே சொல்கிறார். அதன்பின் புத்தர் ஒரு விதி வைத்தார்: பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளுக்குத் துறவு கொடுக்கக்கூடாது. பௌத்த சங்கத்தின் ஒழுங்கு நூலான விநயத்தில் அது இன்றும் இருக்கிறது. கடன்பட்டவனையும் சேர்க்கக்கூடாது என்று இன்னொரு விதி. கடனை அடைத்துவிட்டு வா என்று அர்த்தம். துறவையே உச்சமாக வைத்த ஒரு மரபு, வாசலில் நிறுத்தி இந்தக் கேள்விகளைக் கேட்கிறது. எனக்கு அந்த வாசலில் அனுமதி கிடைத்திருக்காது.

இதைச் சொன்ன பிறகும் அந்தத் தம்பி விடவில்லை. "இருந்தாலும் புத்தர் போகலைன்னா நமக்கு புத்தர் இல்லையேண்ணா." சரிதான். பேமாவின் கேள்விக்கும் இவன் கேள்விக்கும் நடுவில் எங்கள் வகுப்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. படமும் பதில் சொல்வதில்லை. ஒரு துளி நீர் வற்றாமல் இருக்க என்ன வழி என்று ஒரு கல்லில் எழுதியிருக்கும். படத்தின் தொடக்கத்தில் தாஷி அதைப் பார்க்கிறான், கடைசியில்தான் கல்லைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் விடையைப் படிக்கிறான். விடையை எழுதமாட்டேன், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதை அவன் எங்கே நின்று படிக்கிறான் என்று கவனியுங்கள். மடத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை, நடு வழியில்.

ரெண்டு வாரம் கனமாகவே போய்விட்டதால் அடுத்த மாதம் 'தி கப்'. 1999இல் வந்தது. இயக்கிய கியென்ட்சே நோர்பு பூட்டானைச் சேர்ந்த ஒரு ரின்போச்சே, உண்மையான பௌத்த குருவே. நடித்தவர்கள் இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் ஒரு திபெத்திய மடத்தின் நிஜ துறவிகள். 1998 உலகக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டத்தை மடத்தில் டிவியில் பார்க்க குட்டித் துறவிகள் செய்யும் தகிடுதத்தம்தான் கதை. விடிய விடிய மாமாக் கடையில் பந்து பார்க்கும் நம் ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆனால் காசு சேர்க்க இன்னொரு சிறுவனின் கைக்கடிகாரத்தை அடகு வைக்கிறான் ஒருவன். அவ்வளவு ஆசைப்பட்ட ஆட்டம் ஓடும்போது அவனால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். முடிந்தால் வசந்தத்தில் வரும் அந்த மீனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவு எட்டு மணிக்குத் தொடங்குவோம். கச்சாங் கொண்டு வாங்க, தோலை நீங்களே அள்ளிட்டுப் போங்க. என் தங்கையும் இந்தத் தடவை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் இன்னும் 'சம்சாரா' பார்க்கவில்லை. படத்தைக் கொடுத்தேன், "நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேண்ணா" என்று வாங்கி வைத்திருக்கிறாள்.